நாற்பத்தொன்றுக்கு அடுத்த பக்கம்

மட்டாஞ்சேரியில் மொய்து முதலாளியின் அச்சகத்தில் சிகாபுதீன் ஃபாரம் கட்டினால் அதை யாரும் சரிபார்ப்பதில்லை. பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். சரிபார்க்கிறேன் என்று எவராவது கிளம்பினால் அவர் முகம் போகிற போக்கைக் காணச் சகிக்காது. எதற்கு வம்பு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். தேர்ந்த வேலைக்காரனுக்குக் கிடைக்கிற மரியாதை இது என்று அவரும் உள்ளூரக் குளிர்ந்துபோயிருந்தார். நாசமாய்ப் போனது அங்கேதான்.

ஃபாரம் கட்டுவது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அச்சுக் கோத்த பக்கங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வைத்து அடித்தால் புத்தகம் ஆகாது. ஒரு பெரிய தாளில் முன்புறம் எட்டுப் பக்கம், பின்புறம் எட்டுப் பக்கம். அந்தத் தாளை மூன்று தடவை மடித்து ஓரத்தை வெட்டினால் பதினாறும் வரிசையாக வந்து நிற்க வேண்டும். அதற்காக, கல்மேசையின் மேல் ஒன்றாம் பக்கத்தை ஒட்டிப் பதினாறாம் பக்கத்தை வைக்க வேண்டும். அந்த இரண்டின் தலைமாட்டில் எட்டையும் ஒன்பதையும் தலைகீழாக வைக்க வேண்டும். பார்க்கிறவனுக்கு ஏதோ கிறுக்கன் அடுக்கிய மாதிரி இருக்கும். மடித்த பிறகுதான் சங்கதி புரியும். சிகாபுதீனுக்கு இதெல்லாம் யோசிக்க வேண்டிய விஷயமே அல்ல. வாய் யாருடனோ வழக்கடித்துக்கொண்டிருக்கும். கை பாட்டுக்குப் பக்கங்களைத் தூக்கி அதனதன் இடத்தில் வைத்து, இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கிக் கட்டிவிடும்.

அந்த அச்சகத்தில் இரண்டு விதமான புத்தகங்கள் அடித்தார்கள். தமிழும் மலையாளமும் நாமெல்லாம் படிக்கிற மாதிரி இடப்பக்கம் தைத்தவை. அரபு எழுத்தில் மலையாளம் அச்சிட்ட கிதாபுகளோ வலப்பக்கம் தைத்தவை. அதனால் தமிழ்ப் புத்தகம் என்றால் முதல் பக்கம் கல்லின் இடது கை மூலைக்குப் போகும். கிதாபு என்றால் வலது கை மூலைக்குப் போகும். இந்த ஒரு வித்தியாசத்தை மறக்காமல் இருந்தால் போதும். சிகாபுதீன் பன்னிரண்டு வருடம் மறக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் நோன்பு மாதத்துக்கு முன்னால் அச்சகத்தில் கிதாபு வேலை குவிந்து கிடந்தது. பாட்டுக் கிதாபு, தொழுகைக் கிதாபு என்று மூன்று ஒரே நேரத்தில் ஓடின. நடுவில் மாட்டிக்கொண்டது நீலகண்டன் வைத்தியரின் புத்தகம். வைத்தியர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மட்டாஞ்சேரி பஜாரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். கைக்குழந்தைகளுக்கு வருகிற நோய்களுக்கு வீட்டு மருந்து சொல்லும் தொண்ணூற்றாறு பக்கப் புத்தகம் ஒன்றை ஏழு வருடம் உட்கார்ந்து எழுதியிருந்தார். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்குப் போட்டால் ஆறு ஃபாரம். முதல் இரண்டும் ஒழுங்காக ஓடி முடிந்தன. மூன்றாவது ஃபாரம் கட்டிய அன்று காலையில் இரண்டு கிதாபு ஃபாரங்களைக் கட்டி இறக்கியிருந்தார் சிகாபுதீன். மெஷின்காரன் அடுத்தது எங்கே, அடுத்தது எங்கே என்று கத்திக்கொண்டிருந்தான். கத்துகிறவனுக்குப் பதில் கொடுத்தபடியே முப்பத்து மூன்றாம் பக்கத்தை எடுத்து வலது கை மூலையில் வைத்தார். மற்றப் பக்கங்கள் அதைப் பின்தொடர்ந்து போய் உட்கார்ந்தன.

தப்பையாவது அரைகுறையாகச் செய்திருக்கக் கூடாதா? தாளின் ஒரு புறத்தை மட்டும் மாற்றிக் கட்டியிருந்தால் பக்கங்கள் தாறுமாறாக விழுந்திருக்கும், மடிக்கிறவர்கள் அன்றே கூப்பாடு போட்டிருப்பார்கள். மனிதர் இரண்டு புறத்தையும் கிதாபு முறைப்படி ஒரு பிசகில்லாமல் கட்டியிருந்தார். மடித்தால் முப்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை வரிசையாகவே வந்தது. மடிப்பு மட்டும் வலப்பக்கம் இருந்தது. பைண்டர் எல்லா ஃபாரங்களையும் மடிப்பை இடப்பக்கமாக ஒத்துப்பிடித்துத் தைத்தான். அப்படித் தைக்கும்போது அந்த ஒரு ஃபாரம் மட்டும் புரண்டு, நாற்பத்தெட்டு முன்னாலும் முப்பத்து மூன்று கடைசியிலுமாக உட்கார்ந்துகொண்டது. எழுத்து எதுவும் தலைகீழாகவில்லை. மேலோட்டமாகப் புரட்டினால் ஒன்றுமே தெரியாது.

முதல் தவணையாக முப்பது பிரதி தைத்து வைத்தியருக்குக் கொடுத்தார்கள். நோன்பு தொடங்கி மூன்றாம் நாள் வைத்தியர் அச்சகத்துக்கு வந்து, அட்டையில் சந்தனம் தொட்டு வைத்த ஒரு பிரதியைச் சிகாபுதீன் கையில் கொடுத்தார். “பாய், கட்டினது நீரு. உமக்கு ஒண்ணு தராம இருக்க முடியுமாவே?” என்றார். சிகாபுதீனுக்குச் சந்தோஷம். மத்தியானத் தொழுகை முடித்து வந்து, கல்மேசையோரம் உட்கார்ந்து புரட்டினார். முப்பத்திரண்டுக்கு எதிரே நாற்பத்தெட்டு நின்றது.

பைண்டர் மாற்றித் தைத்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தார். அவனைத் திட்டுவதற்கு நாலு நல்ல வார்த்தைகளும் நாக்குக்கு வந்துவிட்டன. அப்புறம் அந்த ஃபாரத்தை விரித்து மடிப்பைப் பார்த்தார். பார்த்ததும் நாக்கில் இருந்தது உள்ளே போய்விட்டது. அச்செழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்டுப் பத்து நாளாகிறது, திரும்ப அடிக்க வழியில்லை. புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அச்சகத்துத் தாள்களை வீட்டில் வைத்து மடித்துக் கொடுப்பது அவர் மனைவி சுல்ஃபத்தான்.

“இந்த மூணாம் ஃபாரம் நீ மடிச்சதுதானே?”

“ஆமா. கிதாபு மாதிரி வலப்பக்கம் மடிப்பு விழுந்துச்சு. எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு.”

“அப்ப ஏன் பறயல, ஒரு வார்த்த சொல்லல?”

“நீங்க கட்டுனதாச்சே!” என்றாள் சுல்ஃபத். “உங்க முன்னால வந்து நின்னு இது தெற்று, தப்புன்னு பறயச் சொல்றீங்களா? அப்புறம் ஒரு வாரத்துக்கு இந்த வீட்ல யாரு இருக்கறது?”

அவள் சொன்னது முழுக்க நிஜம். சிகாபுதீன் அங்கேயே உட்கார்ந்து அந்தப் பதினாறு பக்கங்களையும் முதல்முறையாக வார்த்தை வார்த்தையாகப் படித்தார். ஃபாரம் கட்டுகிறவன் பக்க எண்ணைப் பார்ப்பானே தவிர எழுதியிருப்பதைப் படிக்க மாட்டான். படித்துக்கொண்டே வந்தவர் நாற்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில் நின்றார்.

கைக்குழந்தைக்கு வயிறு உப்பி அழுதால் கொடுக்கும் மருந்து அங்கே தொடங்கியது. ‘கீழ்க்கண்டதை ஒரு சங்கு அளவு புகட்டவும்’ என்று பக்கம் முடிந்தது. நாற்பத்திரண்டாம் பக்கத்துக்குப் போனால் ஓமம், சுக்கு, பெருங்காயம். ஆனால் தைத்த புத்தகத்தில் நாற்பத்தொன்றுக்கு எதிரே நின்றது நாற்பதாம் பக்கம். அதன் தலைவரி சிரங்குக்கு மேலே பூசுகிற மருந்தின் மிச்சம். ‘மயில்துத்தம் ஒரு குன்றிமணி அளவு, பொடித்து வேப்பெண்ணெயில் குழைத்து, காலை மாலை இருவேளை.’ பூச வேண்டும் என்ற வார்த்தை முப்பத்தொன்பதாம் பக்கத்தோடு போய்விட்டது. இடப்பக்கத்தை முடித்துவிட்டு வலப்பக்கத்துக்குத் தாவுகிற எவனுக்கும் இரண்டு வரியும் ஒட்டு தெரியாமல் ஒன்றாகப் படிக்கும். வயிறு உப்பிய குழந்தைக்கு மயில்துத்தத்தை ஒரு சங்கு புகட்டச் சொல்லும். மயில்துத்தம் நீலமாக, கற்கண்டு மாதிரி அழகாக இருக்கும். அது விஷம்.

சிகாபுதீனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யா அல்லா, நான் என்ன செய்துவிட்டேன் என்று வாய்விட்டே அழுதார். சுல்ஃபத் அவர் அழுது பார்த்ததில்லை. அவள் பயந்துபோய் அரிவாள்மணையை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

நீலகண்டன் வைத்தியர் முதலில் நம்பவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு மருந்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

“இத நான் எழுதலையேவே,” என்றார். “பக்க நம்பரு போட்டிருக்குல்லா? நம்பரப் பாத்துப் படிக்க மாட்டானா?”

“படிச்சவன் பாப்பான் வைத்தியரே. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் எங்க நம்பரப் பாக்கப் போறான்? அவனுக்கு வரியத் தாண்டறதே பெரும்பாடு.”

“அவனுக்காகத்தானே நான் எழுதினேன்,” என்றார் வைத்தியர்.

மொய்து முதலாளி வேறு ரகம். சிகாபுதீன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “எடோ சிகாபே, இதுக்கா இப்படி நடுங்கி விறைக்கிறே? நம்பர் அடிச்சிருக்கு, கண்ணுள்ளவன் பார்த்து வாயிச்சுப் படிக்கட்டும். பாக்கிப் பிரதியில ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிக் கொடு. பெருநாளுக்கு முந்தி ரெண்டு கிதாபு போகணும், அத நோக்கு,” என்றார். துண்டுச் சீட்டு ஒட்டலாம். வெளியே போய்விட்ட புத்தகத்தில் யார் போய் ஒட்டுவது?

முப்பதில் ஒன்று சிகாபுதீனிடம், ஒன்று வைத்தியரிடம். மீதி இருபத்தெட்டும் போய்விட்டன. யார் யார் வாங்கினார்கள் என்பதை வைத்தியர் யோசித்து யோசித்துச் சொன்னார். தைக்காத பிரதிகளின் மூன்றாம் ஃபாரத்தை எடுத்து, மடிப்பை வெட்டித் தனித்தனி ஏடாக்கி, பசை தடவி வரிசைப்படி ஒட்டிக் கொடுத்தாள் சுல்ஃபத். ஒட்டுப்போட்ட புத்தகம்தான், ஆனால் சரியான புத்தகம். அதைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வர வேண்டும். தினமும் மத்தியானம் வரை கிதாபு கட்டிவிட்டு, நோன்பு வாயோடு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார் சிகாபுதீன்.

ஊர் சுற்றியதைச் சொன்னால் சிரிப்பீர்கள். தோப்பும்படியில் மீன் ஏலக்காரர் ஒருவர், “நம்பர் மாறியிருக்குன்னு நான் அன்னைக்கே கண்டேன், இதுக்கு நோன்பும் வச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் நடக்கணுமா?” என்று அவரை நன்றாகக் கேலி செய்துவிட்டுக் கொடுத்தார். இடக்கொச்சியில் ஒரு வீட்டில் புத்தகத்தைத் தொட்டில் கயிறு தேயாமலிருக்க உத்தரத்தில் அண்டை கொடுத்து வைத்திருந்தார்கள். படிக்கவே இல்லை. அந்த வீட்டம்மாளின் கையைப் பிடித்து நன்றி சொல்லலாம் போலிருந்தது அவருக்கு. படிக்காமல் வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் மனதார துஆ செய்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முதலில் உள்ளேயிருந்து குழந்தைச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். வந்தால்தான் மூச்சு வரும். இரண்டு வாரத்தில் இருபத்தேழு திரும்பி வந்தன.

இருபத்தெட்டாவது ஆளின் பெயர் வைத்தியருக்குத் தெரியவில்லை. கையெல்லாம் சுண்ணாம்பு ஒட்டிய கொத்தனார், மதுரைப் பக்கத்துப் பேச்சு, ஏலூரில் கட்டட வேலை, வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை. தமிழில் மருந்துப் புத்தகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அத்தனை தூரம் வந்து வாங்கிப் போனவர். “கடையிலயே நின்னு ஒரு பக்கம் எழுத்துக் கூட்டிப் படிச்சுக் காட்டினான் பாய். அவ்வளவு பெருமை அவனுக்கு,” என்றார் வைத்தியர்.

ஞாயிற்றுக்கிழமை போட் ஏறி எர்ணாகுளம் போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் களமசேரியில் இறங்கி வெயிலில் நடந்தார். ஏலூருக்குள் நுழையும்போதே புகை தொண்டையில் காறியது. புதிதாக ஒரு கம்பெனிக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஓலை வேய்ந்த கொட்டகைகள் வரிசையாக, லயன் கட்டி இருந்தன. எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆட்கள். கைக்குழந்தையுள்ள கொத்தனார் என்று கேட்டதும், அழகர் வீடா என்று கடைசிக்கு முந்திய கொட்டகையைக் காட்டினார்கள். உள்ளேயிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.

வாசலில் அழகர் குந்தியிருந்து கொத்துக் கரண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். வைத்தியர் அனுப்பினார் என்றதும் எழுந்து துண்டை உதறிக் கட்டிலில் போட்டு உட்காரச் சொன்னான்.

“கொழந்த எங்க?” என்றார் சிகாபுதீன். உட்காரவில்லை.

“உள்ள தூங்குதுங்க. ஏய் மாயம்மா, வைத்தியர் கடையிலருந்து பாய் வந்துருக்காரு, தண்ணி கொண்டா.”

அவர் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று உதடு அசைந்தது. நோன்பு என்று சொல்லித் தண்ணீரை மறுத்தார். பிறகு பையிலிருந்து ஒட்டுப்போட்ட பிரதியை எடுத்து, அச்சில் ஒரு தப்பு நடந்துவிட்டது, பழையதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொள் என்றார்.

“அந்தப் பொஸ்தகமா?” என்று அழகர் சிரித்தான். “அத நாங்க சாமி மாதிரி வச்சிருக்கோம் பாய்.”

தகரப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றியிருந்ததை எடுத்து வந்தான். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு மயிலிறகு. எதிர்ப்பக்கத்தின் தலைவரியில் குங்குமம் வைத்திருந்தார்கள்.

“புள்ளைக்கு வயிறு உப்பிப் போச்சுங்க. ரெண்டு நாளு கத்துது. கம்பெனி கம்பவுண்டரு ஊருல இல்ல. ஓமத்தண்ணி குடுத்தோம், கேக்கல. அப்பத்தான் பொஸ்தகம் ஞாபகம் வந்துச்சு. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். ஆலுவாயில போயி மயில்துத்தம் வாங்கியாந்து, இதுல போட்டிருக்கற மாதிரியே கொழைச்சு ஒரு சங்கு ஊத்துனோம்.” அழகரின் குரல் இறங்கியது. “ஊத்துன கையோட பச்சை பச்சையா வாந்திங்க. கை கால் தொவண்டு போச்சு. போயிருச்சுன்னே நெனச்சு இவ அடிச்சுக்கிட்டு அழுதா. கொஞ்ச நேரங் கழிச்சு வயிறு எறங்குச்சு பாருங்க. தூங்குச்சு. விடிஞ்சதும் பாலு குடிச்சுச்சு. உள்ள இருந்த கெட்டதெல்லாம் வெளிய வந்துருச்சு. வைத்தியர் கையெடுத்துக் கும்புட வேண்டிய மனுசன்.”

சிகாபுதீன் கட்டிலை விட்டு எழுந்தார். அந்தக் குழந்தை பிழைத்தது வாந்தி எடுத்ததால்தான் என்று சொன்னார். அது மேலே பூசுகிற மருந்து, சிரங்குக்கு உள்ளது, வாயில் வைக்கவே கூடாத விஷம் என்றார். பக்க எண்ணைக் காட்டினார். நாற்பத்தொன்றுக்குப் பிறகு நாற்பத்திரண்டு வர வேண்டும், இங்கே நாற்பது வந்திருக்கிறது பார் என்றார். அழகர் குனிந்து பார்த்து, ஆமாம் என்று மரியாதைக்குத் தலையாட்டினான். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சிகாபுதீன் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, மூன்று முறை மடித்து, பென்சிலால் எண் போட்டு, விரித்து, மறுபடி மடித்துக் காட்டினார். எப்படி ஒரு மூலை மாறினால் எல்லாம் புரண்டுபோகும் என்று தன் தொழிலையே அவன் முன்னால் கொட்டினார். பக்கத்துக் கொட்டகைகளிலிருந்து நாலைந்து பேர் கூடி வேடிக்கை பார்த்தார்கள்.

“நல்ல வித்தைதாங்க,” என்றான் அழகர், மனதாரவே.

பிறகு ஒட்டுப்போட்ட பிரதியை வாங்கி அதே இடத்தைத் தேடினான். விரலை வைத்து மெல்ல மெல்லப் படித்தான். படித்து முடித்ததும் நிமிர்ந்தான். இப்போது முகம் மாறியிருந்தது.

“இதுல ஓமம் சுக்குன்னு போட்டிருக்கு. அதத்தான் நாங்க முந்தியே குடுத்துப் பாத்தோமே. கேட்ட மருந்த எடுத்துட்டுக் கேக்காத மருந்தப் போட்டுக் கொண்டாந்துருக்கீங்க.”

“தம்பி, நான் பறயறதக் கேளு. தப்பு என்னோடது. அச்சுல பக்கத்த மாத்தி வச்சது இந்தக் கைதான்.”

“நல்ல மருந்து பத்துப் பேருக்குத் தெரிஞ்சு போச்சுன்னா கடையில யாவாரம் நடக்காதுல்ல. அதான் திரும்பக் கேக்குறாரா வைத்தியரு?” கூடியிருந்தவர்கள் அது சரிதான் என்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “வெஷம்னா எம் புள்ள எப்படிங்க உசுரோட இருக்கு?”

சிகாபுதீனுக்குப் பன்னிரண்டு வருடக் கோபமும் ஒன்றாக வந்தது. எட்டிப் பாய்ந்து அந்த ஏட்டைக் கிழித்துவிட வேண்டும் என்று கையை நீட்டிவிட்டார். அழகர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினான். இரண்டு பேர் அவர் தோளைப் பிடித்தார்கள். நோன்பு வைத்திருக்கிற பெரிய மனுசன் இப்படிச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார்.

அப்போது மாயம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். இடுப்பில் குழந்தை விழித்திருந்தது.

“குடுத்து அனுப்புங்க அந்தப் பொஸ்தகத்த,” என்றாள் புருஷனிடம். “பாவம், பச்சத் தண்ணி பல்லுல படாம வெயில்ல வந்துருக்காரு. வெறுங்கையோடவா அனுப்புறது?”

அழகர் தயங்கினான். அவளே அவன் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, மயிலிறகை மட்டும் எடுத்துக்கொண்டு, சிகாபுதீனிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். இருபத்தெட்டாவது பிரதி. இரண்டு வாரமாக அவர் சரியாகத் தூங்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. நீ நல்லா இருக்கணும் தாயி என்றார்.

“எனக்கு எதுக்கு பாய் பொஸ்தகம்? எனக்கா படிக்கத் தெரியும்?” என்றாள் மாயம்மாள். “அவரு எழுத்துக் கூட்டுனத நாலு தடவ கேட்டேன், மனப்பாடம் ஆயிருச்சு.” குழந்தையை இடுப்பில் ஆட்டியபடி, தாலாட்டுப் போல ராகம் போட்டுச் சொன்னாள். “வயிறு உப்பி அழுதால் கீழ்க்கண்டதை ஒரு சங்கு அளவு புகட்டவும், மயில்துத்தம் ஒரு குன்றிமணி அளவு, பொடித்து வேப்பெண்ணெயில் குழைத்து, காலை மாலை இருவேளை.” எந்த இடத்திலும் அவள் நிறுத்தவில்லை. நாற்பத்தொன்றும் நாற்பதும் அவள் வாயில் ஒரே வரியாகிவிட்டிருந்தன.

“இத… இத வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா?”

“சொல்லாம? இந்த லயன்ல புள்ளத்தாச்சி, கைக்கொழந்தக்காரி எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்துட்டேன். சீனியம்மா பேறுகாலத்துக்கு ஊருக்குப் போனா, அவளும் கேட்டு வாங்கிட்டுத்தான் போனா. அங்க அவ அக்கா தங்கச்சிங்க நாலு பேரு.”

சிகாபுதீன் புத்தகத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வரிசையாகக் கொட்டகை கொட்டகையாகப் போனார். வாசலில் நின்று, அம்மா அது விஷம், கொடுத்துவிடாதீர்கள், நான் அச்சாபீஸ்காரன், தப்பு என்னுடையது என்று கெஞ்சினார். சரி பாய், சரி பாய் என்றார்கள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி, தன் குழந்தைக்கு எப்போது வேண்டுமானாலும் தேவைப்படலாம் என்று ஒரு பொட்டலம் வாங்கிக் கூரையில் செருகி வைத்திருப்பதைக் காட்டினாள். கொடு என்று கேட்டார். அவள் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்க வேண்டும்? அழகர் வீட்டுக் குழந்தை செத்துப் பிழைத்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். இந்த மனிதரை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சீனியம்மாளின் ஊர்ப் பெயரைக் கேட்டார். விருதுநகருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பட்டி என்றார்கள். பெயர் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

மாயம்மாளுக்கு அவரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்து நின்றாள். “அச்சாபீஸ்லயா பாய் வேலை? அப்படின்னா எனக்கு ஒரு ஒத்தாச பண்ணுங்க. இந்த ஒரு மருந்த மட்டும் தனித் தாளுல பெரிய பெரிய எழுத்தா அடிச்சுக் குடுங்க. லயன்ல எல்லாரும் செவுத்துல ஒட்டி வச்சுக்குவோம். புண்ணியமாப் போகும்.”

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் குழந்தையை அவர் மடியில் உட்கார வைத்துவிட்டாள். “நீங்களே பாருங்க, எப்படி இருக்கான்னு,” என்றாள். குழந்தை நல்ல கனம். எச்சில் வடியச் சிரித்துக்கொண்டு அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. கொட்டகைக்காரர்கள் எல்லோரும் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.